சென்னைய விட்டு கெளம்புறீங்களா? கடைசி சனி ஞாயிற இப்டி செலவு பண்ணுங்க

2019-ல மொத தடவ நான் சென்னைய விட்டு புனேக்கு கெளம்புனப்போ பண்ண கூத்த மொதல்ல சொல்லிடுறேன். ஒம்போது வருஷம் இந்த ஊர்ல இருந்துட்டு மகாபலிபுரத்த ஒழுங்கா சுத்திப் பாக்கலையேன்னு கடைசி சனிக்கெழம வாடகைக்கு ஒரு கார எடுத்துட்டு நாலு பேரா கெளம்பினோம், அன்னிக்கு பாதி சென்னை எங்க பின்னாடியேதான் ஈசிஆர்ல வந்துச்சு, போறதுக்கும் வர்றதுக்குமே நாள் முடிஞ்சுது. ஞாயித்துக்கெழம முழுக்க அட்டப்பெட்டிக்கு டேப் ஒட்டிட்டு இருந்தேன். திங்கக்கெழம சென்ட்ரல்ல ரயில் நகர்றப்போதான் மண்டையில ஒறைக்குது, அஞ்சு வருஷமா என் சட்டைய தேச்சுக் குடுத்த தெருமுன இஸ்திரி அண்ணன்கிட்ட போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லல. போதாக்கொறைக்கு என்னோட ரெண்டு சட்ட வேற அவர் வண்டியிலயே இருந்துச்சு.

அப்புறம் திரும்பி வந்தேன், மறுபடி 2024-ல கெளம்பினேன். ரெண்டாவது தடவ கொஞ்சம் ஒழுங்கா பண்ணேன், அதுக்கப்புறம் ஆபீஸ்ல யாரு வேற ஊருக்கு போனாலும் கடைசி சனி ஞாயிறுக்கு என்ன பண்ணலாம்னு என்னத்தான் கேக்குறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், இத்தன வருஷம் பாக்காதத கடைசி ரெண்டு நாள்ல பாக்க ஓடாதீங்க. அதுக்கு டூரிஸ்டா ஒரு நாள் திரும்ப வந்துக்கலாம், மகாபலிபுரம் எங்கயும் போயிடாது, பல்லவர் காலத்துலருந்து அங்கதான் இருக்கு. ஆனா உங்க டீக்கட மாஸ்டர் அடுத்த வருஷம் அதே கடையில இருப்பாரான்னு யாருக்கு தெரியும்.

சரி லிஸ்ட் எப்டி போடுறது? போன்ல ஜிபேயோ போன்பேயோ எது வெச்சிருக்கீங்களோ அதோட ஹிஸ்டரிய தொறந்து ஆறு மாசம் பின்னாடி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணுங்க. வாடக, கரண்ட் பில்லு, ஆன்லைன் ஆர்டர் எல்லாத்தையும் தள்ளிட்டு பன்னெண்டு ரூவா, இருவது ரூவா, நாப்பத்தஞ்சு ரூவான்னு திரும்பத் திரும்ப வர்ற பேருங்க இருக்கும் பாருங்க, பாதி பேரு யாருன்னே மொதல்ல புரியாது, கொஞ்சம் யோசிச்சா ஓ இது எளநீ கடக்காரம்மா வீட்டுக்காரர் பேருன்னு பிடிபடும். அந்த பேருங்கதான் உங்க லிஸ்ட். எனக்கு பதினோரு பேரு வந்துச்சு, அதுல டீக்கட மட்டும் நூத்திச் சொச்சம் தடவ.

அதுக்கு முன்னாடி ஒரு கண்டிஷன், வேலையெல்லாம் வெள்ளிக்கெழமைக்குள்ள முடிஞ்சிருக்கணும், சனி ஞாயிறுக்கு ஒண்ணையும் தள்ளக்கூடாது. கேஸ் கனெக்ஷன வேற ஊருக்கு மாத்தணும்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சில ஒப்படைச்சா டெர்மினேஷன் வவுச்சர்னு ஒண்ணு தருவாங்க, கட்டுன டெபாசிட்டும் திரும்ப வரும், அந்த வவுச்சர பத்தரமா வெச்சுக்கோங்க, புது ஊர்ல கனெக்ஷன் எடுக்க அது வேணும். பைக்க ரயில்ல பார்சல் போடுறவங்க ஆர்சி காப்பி, ஐடி ப்ரூஃப் எடுத்துட்டு போங்க, டேங்க்ல ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது, சாக்கு சுத்தி பேக் பண்றதுக்கு ஸ்டேஷன் வாசல்லயே ஆளுங்க இருப்பாங்க, ரேட்ட முன்னாடியே பேசிடுங்க. ஈபி மீட்டர் ரீடிங்க காலி பண்ற அன்னிக்கு போட்டோ எடுத்து ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸப்ல அனுப்புங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான கணக்கெடுக்குறாங்க, நடுவுல காலி பண்ணா யாரு எவ்ளோ கட்டணும்னு சண்ட வரும். அட்வான்ஸ் விஷயம் பேச ஆரம்பிச்சா இந்த பக்கம் பத்தாது. என் பழைய ஓனர் ஒருத்தரு பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகைய பிடிச்சுக்கிட்டாரு, பெயின்ட் அடிச்சாரான்னு கேட்டா இன்னி வரைக்கும் பதில் இல்ல, விடுங்க.

இப்போ சனிக்கெழம.

காலையில உங்க தெருவுக்கு மட்டும். வேற எங்கயும் போகாதீங்க, லிஸ்ட்ல இருக்குற ஆளுங்க முக்காவாசி காலையிலதான் கெடைப்பாங்க. பெருசா பேச்சு எல்லாம் வேணாம், எப்பவும் வாங்குறத வாங்குங்க, காசு குடுக்குறப்போ சொல்லுங்க. நான் போன அன்னிக்கு இஸ்திரி அண்ணன் கரிய பெட்டிக்குள்ள போட்டு விசிறிட்டு இருந்தாரு, "ண்ணா, திங்கக்கெழம புனே போறேன், வீட்ட காலி பண்ணிட்டேன்"னு சொன்னேன், "இன்னா தம்பி, இப்பதான வந்த, அதுக்குள்ளயா"ன்னு கேட்டுட்டே வண்டிக்கு அடியில கைய விட்டு ஒரு பழைய மாத்திர டப்பாவ எடுத்தாரு, தொறந்தா உள்ள ஃபுல்லா பட்டன். தேக்குறப்போ கழண்டு விழற பட்டன எல்லாம் அதுல போட்டு வெப்பாராம், யாராச்சும் கேட்டா குடுக்கலாம்னு. அதுலருந்து ஒரு ப்ரௌன் பட்டன தேடி எடுத்து இது உன்னோட அந்த கட்டம் போட்ட சட்டையோடதுதான்னு குடுத்தாரு. அந்த சட்ட அஞ்சு வருஷம் முன்னாடி அவர்கிட்ட விட்டுட்டு போன ரெண்டுல ஒண்ணு. சட்ட என்னாச்சுன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.

பதினோரு மணி வாக்குல உங்களுக்கு பக்கத்துல இருக்குற எலக்ட்ரிக் ட்ரெய்ன் ஸ்டேஷனுக்கு போய் பீச்சுக்கு டிக்கெட் எடுங்க. தாம்பரம் லைன்ல இருக்குறவங்களுக்கு ரொம்ப ஈஸி, 1931-லயே கரண்ட்ல ஓட ஆரம்பிச்ச லைன் அது. சனிக்கெழம மதியம் கூட்டம் கம்மியா இருக்கும், ஜன்னல் சீட் கெடைக்கும், கொய்யாப்பழம், சமோசா, பேனா, ஊக்குன்னு விக்க வர்றவங்க கொரல மட்டும் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. நெசமாத்தான் சொல்றேன், போட்டோவ விட சத்தத்துக்குதான் வேற ஊர்ல மதிப்பு. பழைய பேப்பர் வாங்குறவரு வண்டியில கட்டியிருக்குற ஸ்பீக்கரு, கண்டக்டர் விசிலு, உங்க வீட்டு ஃபேன் கிறீச்சுன்னு சுத்துறது, எல்லாம் முப்பது முப்பது செகண்டு போதும். புனேல மொத மாசம் தூக்கம் வராதப்போ அந்த ஃபேன் சத்தத்ததான் போட்டு கேட்டேன், பைத்தியம்னு நெனச்சாலும் பரவால்ல.

பாரீஸ் கார்னர் பக்கத்த ஏன் சனிக்கெழமைக்கு வெக்கிறேன்னா, ஞாயித்துக்கெழம அங்க பாதி ஷட்டரு எறங்கி இருக்கும், காலி தெருவ பாத்து என்ன பண்றது. பீச் ஸ்டேஷன்ல எறங்கி ரோட்ட கடந்தா பர்மா பஜார், பர்மாலருந்து திரும்பி வந்த நம்மாளுங்களுக்காக 1969-ல வந்தது, ஃபோன் கவரு சார்ஜரு வாங்குறதா இருந்தா சொல்ற வெலையில பாதிலருந்து பேச ஆரம்பிங்க. அப்டியே நடந்தா ஹைகோர்ட் செவப்பு கட்டடம், 1892-லருந்து நிக்குது. அதோட உச்சி கோபுரத்துலதான் ரொம்ப வருஷம் ஊரோட கலங்கரை விளக்கமே எரிஞ்சுது, 1977-லதான் மெரினாவுல இப்ப இருக்குற உசரமான லைட் ஹவுஸுக்கு வேல கைமாறுச்சு. அதுக்கப்புறம் சௌகார்பேட்டைக்குள்ள பூந்துடுங்க, மின்ட் ஸ்ட்ரீட்ல முறுக்கு சாண்ட்விச்னு ஒண்ணு போடுவாங்க, ரெண்டு முறுக்குக்கு நடுவுல வெள்ளரிக்கா, தக்காளி, கார சட்னி எல்லாம் வெச்சு, ப்ரெட்டுக்கு பதிலா முறுக்கு. இத கண்டுபிடிச்ச புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழலாம். மூணுக்கு மேல சாப்டாதீங்க, ராத்திரிக்கு எடம் வேணும்.

ராத்திரிக்குன்னா அத்தோ. சாயங்காலம் இருட்டுனதும் பர்மா பஜாருக்கு பின்னாடி செகண்ட் லைன் பீச் ரோட்டுல வண்டிக்கடைங்க வரிசையா லைட் போட்டுடும். ஒரு வண்டி பக்கத்துல நின்னு கலக்குறத பாருங்க: ஆரஞ்சு கலர்ல ஒரு கை நூடுல்ஸ, நறுக்குன முட்டகோஸு, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ண, மொளகாத்தூளு, புளித்தண்ணி, உப்பு, கடைசியா ஒரு தட்டைய கையாலயே நொறுக்கி போட்டு அம்பது செகண்டுல கலந்து தட்டுல தட்டிடுவாங்க. கூடவே வாழத்தண்டு சூப்பு ஒரு கிண்ணம் வரும், சுடச்சுட, பூண்டு வாசனையோட, அது தீந்தா இன்னொரு கரண்டி கேளுங்க, பெரும்பாலும் ஊத்துவாங்க. அவிச்ச முட்டைய கீறி உள்ள வறுத்த வெங்காயத்த வெச்சு குடுக்குறதையும் ஒண்ணு வாங்கிக்கோங்க. வேற எந்த ஊர்ல நூடுல்ஸ் சாப்ட்டாலும் இந்த ருசி வராது, எனக்கு இந்த ஊர விட்டு போனதுல மொதல்ல வலிச்சது இதுதான், பீச்சு கூட அப்புறம்தான்.

ஃப்ரெண்ட்ஸ எங்க கூப்டுறதுன்னு கேட்டா, ஓட்டல்ல டேபிள் புக் பண்ணாதீங்க. பதினஞ்சு பேர வரிசையா உக்கார வெச்சா பக்கத்துல இருக்குற ரெண்டு பேர்கிட்டதான் பேச முடியும், மிச்ச நேரம் பில்ல எப்டி பிரிக்கிறதுன்னே போயிடும். எப்டியும் வீடு காலியாத்தான கெடக்கு, கட்டில் கூட போயிருக்கும், தரையில பேப்பர விரிச்சு ஒரு பக்கெட் பிரியாணி சொல்லிடுங்க, ஒரு கிலோ பக்கெட்டு அஞ்சாறு பேருக்கு வரும், கத்திரிக்கா, தயிர் பச்சடி கூடவே வந்துடும். சாமான் இல்லாத வீட்டுல பேசுனா எதிரொலிக்கும், அதுக்கே அவனவன் பாட ஆரம்பிச்சிடுவான், கீழ்வீட்டு மாமிகிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லி வெச்சிடுங்க. போறப்போ ஆளுக்கொரு சாமான கையில குடுத்து அனுப்புங்க, பக்கெட்டு, மக்கு, தொடப்பம், மணி ப்ளான்ட்டு, இருவது லிட்டர் தண்ணி கேனு, எதுவும் வீணாகாது.

ஜனவரிலருந்து மார்ச்சுக்குள்ள கெளம்புறவங்களா இருந்தா சனிக்கெழம ராத்திரிக்கு இன்னொன்னு இருக்கு. பங்குனி ஆமைங்க முட்ட போட கரைக்கு வர்ற சீசன் அது, ஸ்டூடண்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்குன்னு 1980-கள் கடைசிலருந்து பசங்க நீலாங்கரைலருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கரையோரமாவே நடந்து முட்டைங்கள எடுத்து பாதுகாக்குறாங்க, வார கடைசில பொதுமக்களையும் கூட கூட்டிட்டு போவாங்க. கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர், ராத்திரி முழுக்க நடக்கணும், டார்ச் அடிக்கக்கூடாது, ஆம வராமயும் போகலாம். புதுசா எதையும் பாக்காதீங்கன்னு மேல சொன்னேன்ல, இதுக்கு மட்டும் விதிவிலக்கு, ஏன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த ஊரு கடல் பக்கத்துலருந்து எப்டி இருக்கும்னு வேற எப்பவும் தெரியாது.

ஞாயித்துக்கெழம அஞ்சேகாலுக்கு அலாரம். மெரினா. நம்மளுது கெழக்கு கடற்கர, சூரியன் கடல்லருந்து எழும்பும், கடல்ல மறையாது. வடக்கலருந்து வந்த என் கலீக் ஒருத்தன் சாயங்காலம் கடல பாத்து ஒக்காந்து சன்செட்டுக்காக ஒரு மணி நேரம் காத்துட்டு இருந்தான், பின்னாடி திரும்பி பாருடான்னு சொல்ல எங்களுக்கு மனசு வரல. காலையில போனா சுண்டல் பஜ்ஜி எதுவும் இருக்காது, நடக்க வர்ற பெருசுங்களும் படகு பக்கத்துல வல பிரிக்கிறவங்களும்தான், அதுதான் நல்லா இருக்கும். கால் நனைக்கிறதோட நிறுத்திக்கோங்க, அலை உள்ள இழுக்கும், நீச்சல் தெரிஞ்சவங்களையும் விடாது, கடைசி நாள்ல வீரம் வேணாம். உழைப்பாளர் சிலைகிட்டருந்து தெக்கால நடக்க ஆரம்பிங்க, 1959-ல வெச்ச சிலை, சிங்காரவேலர் 1923-ல நாட்டுலயே மொத மே தினத்த கொண்டாடுனதும் இதே கடற்கரையிலதான். கொஞ்ச தூரத்துல ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஐஸ் ஹவுஸ் வரும், 1842-ல அமெரிக்காலருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டிய அடுக்கி வெக்க கட்டுனது. இந்த ஊரு வெயிலுக்கு அவ்ளோ தூரத்துலருந்து ஐஸு கொண்டாந்திருக்கான் பாருங்க, நம்ம ஏசி பில்ல பத்தி பொலம்புறோம்.

(மீன் பைத்தியங்க மெரினாவ விட்டுட்டு காசிமேடு போகலாம், ஞாயித்துக்கெழம விடியக்கால ஏலத்த பாக்கணும்னா நாலு நாலரைக்கே இருக்கணும், செருப்பு நாறிடும், பழசா போடுங்க. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம், அப்ப போயி வஞ்சிரம் எங்கன்னு தேடாதீங்க.)

மெரினா முடிச்சு பசியோட திருவல்லிக்கேணி. ரத்னா கபே, 1948-லருந்து இருக்கு, ரெண்டு இட்லி சொல்லுங்க, சாம்பார் தனியா கிண்ணத்துல எல்லாம் கேக்காதீங்க. தட்ட வெச்சதும் ஒருத்தரு ஜக்கோட வந்து இட்லி மேலயே ஊத்துவாரு, போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்துவாரு, இட்லி தீவு மாதிரி நிக்கும், அத ஸ்பூனால வெட்டி வெட்டி சாப்டுறப்போ அவர் ரெண்டாவது ரவுண்டு வந்திருப்பாரு. நான் மொதமொதல்ல சென்னை வந்தப்போ திருவல்லிக்கேணி மேன்ஷன்ல மூணு பேரோட ஒரு ரூம்ல இருந்தேன், மாசக் கடைசில ரெண்டு இட்லிக்கு நாலு ஜக்கு சாம்பார் வாங்கி வயித்த ரொப்புன ஆளு நான். ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்ல அந்த சப்ளையரு. நீங்களும் மொத மொத தங்குன எடத்துக்கு ஒரு தடவ போங்க, மேன்ஷனோ ஹாஸ்டலோ பிஜியோ, உள்ள விடலன்னாலும் வாசல்ல நின்னு உங்க ஜன்னல் எதுன்னு பாத்துட்டு வாங்க. நான் போனப்போ என் பழைய ஜன்னல்ல யாரோ ஒரு பையன் ஜட்டிய காயப்போட்டிருந்தான், அதே கம்பியில.

திருவல்லிக்கேணிலருந்து பறக்கும் ரயில பிடிச்சா மூணாவது ஸ்டேஷன் திருமயிலை. பக்கிங்காம் கால்வாய ஒட்டியே வருது, நாத்தம் வரும்தான், அதையும் சேத்துதான சென்னை. லஸ் பக்கம் மெட்ரோவுக்கு நோண்டி வெச்சிருக்குறதால ஆட்டோவ நம்பாம நடங்க. கபாலீஸ்வரர் கோயிலுக்கு போறவங்க பன்னெண்டுக்குள்ள போயிடுங்க, அப்புறம் நட சாத்திட்டு சாயங்காலம் நாலு மணிக்குதான் தெறப்பாங்க. போகாதவங்க கொளத்த சுத்தி ஒரு நட நடந்துட்டு காளத்தி கட ரோஸ்மில்க் ஒண்ணு குடிச்சா போதும். கையோட கொண்டு போறதுக்கு வாங்க வேண்டியதெல்லாம் இங்கயே வாங்கிடலாம், அப்பளம், வடாம், தொக்கு, எல்லாத்துக்கும் மேல காப்பிப்பொடி. பாக்கெட்டு வாங்காதீங்க, அரைக்கிற கடையில நின்னு எம்பதுக்கு இருவது சிக்கரின்னு சொல்லி கண்ணு முன்னாடி அரைக்க சொல்லுங்க, அர கிலோவுக்கு மேல வேணாம், வாசன போயிடும். ஃப்ளைட்ல போறவங்க தொக்கு, ஊறுகாய செக்கின் பையில போடுங்க, கையில வெச்சிருந்தா செக்யூரிட்டில பிடுங்கி வெச்சிடுவாங்க, என் ஃப்ரெண்டு அவங்கம்மா போட்ட ஆவக்காய அங்கயே விட்டுட்டு போனான், இன்னும் அதையேதான் பேசுறான்.

மதியம் தூங்குங்க. நெசமாவே, ஒரு ரெண்டு மணி நேரம். சித்திரை வைகாசில மதியம் வெளிய சுத்துனா மயக்கம்தான் வரும், சென்னைக்காரன் எவனும் அந்த நேரத்துல வெளிய வரமாட்டான். அக்டோபர் நவம்பர்ல மழ பிடிச்சுக்கிச்சுன்னா ப்ளான் மொத்தத்தையும் தூக்கி போட்டுட்டு எக்மோர் மியூசியத்துக்கு போயிடுங்க, வெண்கல சிலைங்க இருக்குற கேலரில நடராஜர் முன்னாடி அர மணி நேரம் நின்னா மழ விட்டுடும். வெள்ளிக்கெழமதான் லீவு அங்க, ஞாயித்துக்கெழம தொறந்திருக்கும்.

சாயங்காலம் ரெண்டுல ஒண்ணு. கும்பலா இருக்கணும்னா பெசன்ட் நகர், மத்தவங்கள காப்பாத்த போயி 1930-ல மூழ்கிப்போன கார்ல் ஷ்மிட்டோட நினைவு மண்டபம் பக்கத்துல மண்ணுல ஒக்காந்துக்கலாம், மொளகா பஜ்ஜி, சோளம், மாங்கா எல்லாம் தேடிட்டு வரும். வடசென்னக்காரங்க பெரம்பூர்ல 29சி ஏறி கடைசி ஸ்டாப்பு பெசன்ட் நகர் வரைக்கும் வரலாம், ஊர நெடுக்க கிழிச்சுட்டு வர்ற பஸ்ஸு, ஜன்னலோரம் எடம் கெடச்சா வேற டூரே வேணாம். தனியா இருக்கணும்னு தோணுச்சுன்னா பரங்கிமலை. படியேறி மேல சர்ச் முத்தத்துல நின்னா மொத்த ஊரும் கீழ தெரியும், ஒரு பக்கம் ரன்வே, விளக்கு போட்ட ப்ளேனு ஒண்ணொண்ணா எறங்கும் ஏறும். இருட்டுற நேரத்துல அங்கருந்து உங்க ஏரியா எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க பாருங்க, முடியாது, எல்லா லைட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், நான் ரொம்ப நேரம் தேடிட்டு ஒரு செல்போன் டவர பாத்து இதுதான்னு முடிவு பண்ணிட்டு எறங்கிட்டேன்.

கெளம்புற அன்னிக்கு ஒரே ஒரு விஷயம், எங்கருந்து வண்டின்னு ரெண்டு தடவ பாருங்க. தெக்க போற அரசு விரைவு பஸ்ஸெல்லாம் 2023 கடைசில தொறந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு மாறிடுச்சு, பழைய ஞாபகத்துல கோயம்பேடு போயி நின்னா அவ்ளோதான், ஊருக்குள்ளருந்து ஒன்ற மணி நேரம் கணக்கு வெச்சுக்கோங்க. எக்மோர்லருந்து தெக்க போற ரயில்னா வலது பக்க ஜன்னல் கேளுங்க. சைதாப்பேட்ட தாண்டுறப்போ அடையாறு வரும், கொஞ்ச நேரத்துல பரங்கிமல, அப்புறம் திரிசூலத்துல ஏர்போர்ட்டு. பல்லாவரம் குரோம்பேட்ட ஸ்டேஷன்ல எல்லாம் வண்டி நிக்காம போறப்போ ப்ளாட்ஃபாரத்துல எலக்ட்ரிக் ட்ரெய்னுக்கு நிக்கிறவங்க நம்மள ஒரு பார்வ பாப்பாங்க, நம்மளும் இத்தன வருஷம் அங்க நின்னு பாத்த பார்வதான். தாம்பரத்துல ஒரு கூட்டம் ஏறும், உங்க சீட்டுல யாராச்சும் ஒக்காந்தா எழுப்பிடுங்க, பேகுக்கு செயின் போட்டுட்டு, அத்தோ பார்சல் வாங்கியிருந்தா அத அப்பவே சாப்ட்டுடுங்க, விழுப்புரம் வரைக்கும் தாங்காது.